பழைய ஜப்பான் பேஸ் கிடார்: ஒரு கீ, ஒரு சேடில், ஒரு பிக்கப் தேடுகிறேன்

#1 உறையூர்பேஸ் (திருச்சி)

எல்லோருக்கும் வணக்கம். என் சித்தப்பா 1979 முதல் பத்துப் பன்னிரண்டு வருடம் மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசித்தவர். கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு என்று தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கம் அவர் போகாத ஊர் குறைவு. அவருடைய பேஸ் முப்பது வருடத்துக்கு மேல் பரணில் கிடந்தது. போன மாதம் வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது இறக்கினோம். பெட்டிக்குள் ஒட்டியிருந்த சிவப்பு வெல்வெட் தொட்டதும் பொடிப்பொடியாகக் கையோடு வந்தது. கிடார் மட்டும் வைத்த இடத்தில் வைத்தபடி படுத்திருந்தது.

அமெரிக்க ஃபெண்டர் கம்பெனியின் ஜாஸ் பேஸ் வடிவம். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் இரண்டு. நடுவில் மஞ்சளும் ஓரத்தில் கறுப்புமான சன்பர்ஸ்ட் பெயின்ட். தலையில் இருந்த பெயர் உரிந்து பசைத் தடம்தான் மிச்சம். நெக் எனப்படும் கழுத்தைப் பிடித்திருக்கும் பின்தகட்டில் ‘மேட் இன் ஜப்பான்’ என்று மட்டும் இருக்கிறது. அப்போதெல்லாம் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்ததால் தெரிந்தவர் ஒருவர் மூலம் சிங்கப்பூரிலிருந்து வரவழைத்ததாகச் சித்தப்பா சொல்கிறார்.

நான்கு கம்பியில் ஏ கம்பிக்குச் சுருதி சேர்க்கும் டியூனிங் கீ இல்லை. ஒரு கச்சேரிக்கு இரவல் போனபோது உடைந்து வந்ததாம். கம்பிகளின் கீழ்முனை பூட்டியிருக்கும் பிரிட்ஜில், கம்பியைத் தாங்கும் நான்கு சேடிலில் ஒன்று காணோம், மற்ற மூன்றும் துருவில் இறுகிவிட்டன. பின் பிக்கப்பில் சத்தமே இல்லை. குமிழுக்கு அடியில் இருந்து சத்தத்தையும் தொனியையும் கூட்டிக் குறைக்கும் பாட் (பொட்டென்ஷியோமீட்டர்) மூன்றும் திரும்ப மறுக்கின்றன. மூன்று குமிழில் ஒன்று காணோம்.

இணையத்தில் ஜாஸ் பேஸுக்கான முழு செட் ஒன்று பார்த்தேன். கீ, பிரிட்ஜ், பிக்கப், பாட் எல்லாம் சேர்த்து ஒரே பெட்டியில் வருகிறது. வாங்கி மாட்டிவிடலாமா? சித்தப்பாவுக்கு இப்போது எழுபது ஆகப்போகிறது. பொங்கலுக்குள் அவர் கையில் கொடுக்க வேண்டும் என்று ஆசை.

#2 பழையகம்பி (சென்னை)

தம்பி, அந்த செட்டை வாங்காதீர்கள். ஒரு வாரம் பொறுங்கள். ஜாஸ் பேஸ் மாதிரி இருக்கிறது என்றால் ஜாஸ் பேஸின் பாகம் பொருந்தும் என்று அர்த்தமில்லை. அமெரிக்காவில் செய்தது அங்குலக் கணக்கு. ஜப்பான்காரர்கள் வெளித்தோற்றத்தை அப்படியே எடுத்துக்கொண்டாலும் உள்ளே துளை, திருகு, மரை எல்லாம் மில்லிமீட்டர் கணக்கில்தான் போட்டார்கள். அரை மில்லிமீட்டர் வித்தியாசத்துக்காக ஐம்பது வருட மரத்தில் டிரில் ஓட்டுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து மனசு விட்டுப்போய்விட்டது.

முதலில் ஒரு வெர்னியர் அளவுகோல் வாங்குங்கள். பிளாஸ்டிக்கில் வருவதுகூடப் போதும். தலைப்பக்கம் கம்பிகள் படியும் நட்டின் அகலம், நட்டிலிருந்து பன்னிரண்டாவது ஃப்ரெட் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) வரை உள்ள தூரம், கீ நுழையும் துளையின் விட்டம், கீயின் தண்டு விட்டம், பிரிட்ஜில் இரு ஓரத்திலுள்ள ஈ கம்பிக்கும் ஜி கம்பிக்கும் நடுவே உள்ள தூரம், இரண்டு பிக்கப்பின் நீளம், பாட் நிற்கும் துளை. இவ்வளவையும் எழுதிப் போடுங்கள், மேலே பேசலாம்.

இன்னும் இரண்டு விஷயம். ஜப்பான் ஸ்டார் திருகு பார்வைக்கு பிலிப்ஸ் போலவே இருக்கும், ஆனால் அது ஜே.ஐ.எஸ். என்ற அவர்களுடைய தரத்தில் வெட்டியது. பிலிப்ஸ் டிரைவரை வைத்து அழுத்தினால் நுனி மேலே ஏறி வந்து திருகின் தலையைத் தின்றுவிடும். ஜப்பான் பைக்குகளின் கார்பரேட்டரைக் கழற்ற நல்ல மெக்கானிக்குகள் இந்த டிரைவரை வைத்திருப்பார்கள். கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நெக்குக்குள் ஓடி அதன் வளைவைச் சரிசெய்யும் டிரஸ் ராடு என்ற இரும்புக் கம்பியின் திருகை இப்போதைக்குத் தொடவே வேண்டாம். 5 மி.மீ. ஆலன் கீ போக வேண்டிய இடத்தில் 3/16 அங்குலக் கீயை விட்டால், அது 4.76 மி.மீ.தான், உள்ளே ஆடி ஆறு மூலையும் உருண்டுவிடும். கீ, சேடில் எல்லாம் தேடினால் கிடைக்கும். டிரஸ் ராடு போனால் நெக்கே போன மாதிரி.

#3 உறையூர்பேஸ்

அளந்துவிட்டேன் அண்ணே. நட் 38 மி.மீ. நட்டிலிருந்து பன்னிரண்டாவது ஃப்ரெட் 432. கீ துளை முன்பக்கம் 17.4, கீயின் தண்டு 12.6. ஈ முதல் ஜி வரை 57. பிக்கப் இரண்டுமே 92. பாட் துளை 8. பாட்டின் முதுகில் 500 கே என்று இருக்கிறது. டிரைவர் பக்கத்துப் பட்டறையில் கிடைத்தது, ஒரு திருகும் கெடவில்லை.

#4 பழையகம்பி

அருமை. பன்னிரண்டாவது ஃப்ரெட் கம்பியின் பாதி தூரம், ஆக 432 இரண்டு மடங்கு 864, அதாவது 34 அங்குலம். ஃபெண்டர் 1951இல் பிரிசிஷன் பேஸுக்கு வைத்த அளவு அதுதான், 1960இல் ஜாஸ் பேஸுக்கும் அதையே வைத்தார்கள். ஆக, கடையில் கிடைக்கும் எந்த லாங் ஸ்கேல் கம்பியும் உங்களுக்குப் போதும். 30 அங்குலத்தில் செய்த ஜப்பான் பேஸும் உண்டு, அது வந்திருந்தால் கம்பிக்கே தனியாக அலைய வேண்டியிருக்கும். நட் 38 என்பதும் ஜாஸ் பேஸின் ஒன்றரை அங்குலம்தான்.

இப்போது அந்த செட்டைப் பாருங்கள். ஃபெண்டர் ஜாஸ் பேஸில் பின் பிக்கப் முன் பிக்கப்பைவிட இரண்டு மூன்று மி.மீ. நீளம். உங்களுடையதில் இரண்டும் ஒரே அளவு. செட்டில் வரும் பின் பிக்கப் குழிக்குள் இறங்காது, உளி எடுக்க வேண்டிவரும். அமெரிக்கன் பாட்டின் கழுத்து 3/8 அங்குலம், சுமார் 9.5 மி.மீ. உங்கள் தகட்டின் துளை 8. அதையும் அறுத்துப் பெரிதாக்க வேண்டும். இப்போது கடையில் அதிகம் கிடைக்கும் கீகள் 14 மி.மீ. துளைக்கானவை. உங்கள் 17.4இல் அவை லொடலொடவென்று ஆடும்.

எந்தக் கம்பெனி என்று தேடி நேரத்தைக் கழிக்க வேண்டாம். மட்சுமோட்டோ ஊரிலிருந்த மட்சுமோக்கு, ஃபுஜிகென் போன்ற தொழிற்சாலைகள் ஒரே கிடாரைப் பல பெயரில் பல நாட்டுக்கு அனுப்பின. மட்சுமோக்கு 1987இல் மூடிவிட்டது. பெயரை வைத்துப் பாகம் தேடினால் கிடைப்பதைவிட அளவை வைத்துத் தேடினால் அதிகம் கிடைக்கும்.

#5 மேடைபேஸ் (மதுரை)

பழையகம்பி அண்ணன் சொல்வதில் தப்பே இல்லை. ஆனால் இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் வாரத்துக்கு இரண்டு நாள் மேடையில் வாசிக்கிறேன். பழைய கீ நடுப்பாட்டில் இறங்கும்போது பின்னால் நிற்கிற நமக்குத்தான் வியர்க்கும். என் பழைய பேஸில் கோட்டோ கம்பெனியின் கீ நாலும் புதிதாகப் போட்டேன், பாட், ஜாக் எல்லாம் மாற்றினேன். அதற்கப்புறம் நிம்மதி. வாத்தியம் என்றால் வாசிக்கத்தானே? ஒரு கீ தேடி ஆறு மாதம் காத்திருந்தால் பொங்கல் போய்விடும். 17.4 துளைக்குள் 14 மி.மீ. கீயை நிறுத்த மாற்று வளையம் கிடைக்கிறது. மரத்தைத் தொடவே வேண்டாம்.

#6 பழையகம்பி

மேடைபேஸ், வளையம் விஷயம் சரிதான். நானே பலருக்குப் போட்டிருக்கிறேன். உங்களைப் போல் வாரம் இரண்டு நாள் வாசிக்கிறவருக்கு அதுதான் ஒழுங்கு. ஆனால் இந்தத் தம்பி வீட்டில் பாகம் தேடுவது வேறு காரணத்துக்கு. சித்தப்பா பத்து வருடம் திருப்பிய கீ மூன்று இன்னும் இருக்கிறது. அவை நன்றாகத் திரும்பினால் ஒன்றுக்காக மூன்றையும் கழற்றிப் போட எனக்கு மனசு வரவில்லை. முதலில் ஒன்று தேடுவோம், பொங்கலுக்கு ஒரு மாதம் முன்பு வரை கிடைக்காவிட்டால் நீங்கள் சொன்ன வழிக்குப் போவோம். எது செய்தாலும் கழற்றியதைத் தூக்கிப் போடாமல் திருகு முதற்கொண்டு ஒரு டப்பாவில் போட்டுப் பெட்டியிலேயே வையுங்கள்.

தம்பி, மீதி மூன்று கீ எப்படித் திரும்புகின்றன? பல் தெரிகிற திறந்த கீயா, மூடியதா?

#7 உறையூர்பேஸ்

திறந்த கீதான். பின்னால் பித்தளைப் பல்சக்கரம் தெரிகிறது, திருப்பும் காது சீட்டுக்கட்டுக் கிளாவர் மாதிரி இருக்கிறது. பல்லிடுக்கில் கறுப்பாக மெழுகுபோல் அடைத்திருந்தது. மண்ணெண்ணெயில் பழைய டூத்பிரஷ் போட்டுத் தேய்த்தேன். அடியிலிருந்து பித்தளை மஞ்சள் வந்தது, ஒரு பல்கூடத் தேயவில்லை. ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விட்டதும் விரலால் திருப்ப முடிகிறது. மூன்றையும் இனி மாற்ற மாட்டேன்.

சேடில்தான் அசையவில்லை.

#8 கோவைலேத் (கோயம்புத்தூர்)

சேடிலுக்கு நான் வருகிறேனுங்க. அவசரப்பட்டு ஆலன் கீயை முறுக்க வேண்டாம். சின்ன திருகு உடைந்து உள்ளே மாட்டினால் அப்புறம் பெரிய வேலை. பிரிட்ஜைக் கழற்றித் தனியாக எடுத்து, துருவை இளக்கும் எண்ணெய் ஒவ்வொரு திருகின் தலையிலும் அடியிலும் ஒரு சொட்டு விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் சால்டரிங் அயர்னின் நுனியைத் திருகின் தலைமேல் அரை நிமிடம் வையுங்கள். சூட்டில் இரும்பு விரிந்து துருவின் பிடி விட்டுப்போகும். ஆறியதும் முதலில் இறுக்கும் பக்கம் ஒரு முடியளவு, அப்புறம்தான் கழற்றும் பக்கம். மூன்றாவது நான்காவது தடவையில் வந்துவிடும். கிடாரில் இருக்கும்போது இதைச் செய்யாதீர்கள், பெயின்ட் பொங்கிவிடும். பிரிட்ஜைத் தூக்கும்போது அடியில் ஒரு செம்புக் கம்பி மரத்திலிருந்து வந்து தகட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும். அது எர்த். திரும்பப் போடும்போது அதை மறந்தால் கம்பியில் கை வைத்தாலும் ரீங்காரம் அடங்காது.

காணாமல் போன சேடிலை நானே கடைந்து தருகிறேன். ஒரு சேடிலைக் கழற்றியதும் விட்டம், நீளம் சொல்லுங்கள். மரையையும் பாருங்கள். ஜப்பான் என்றால் அநேகமாக எம்3, அதாவது 3 மி.மீ. திருகு, மரைக்கு மரை அரை மில்லிமீட்டர். அமெரிக்கன் சேடிலின் உயரத் திருகு 6-32, விட்டம் 3.5 மி.மீ. அதனால்தான் அந்தத் திருகு இதில் ஏறாது. எம்3 திருகு செல்போன் பட்டறையிலிருந்து இரும்புக் கடை வரை எங்கும் கிடைக்கும்.

பித்தளையில் கடையட்டுமா, இரும்பிலா?

#9 உறையூர்பேஸ்

அண்ணே, மூன்றும் வந்துவிட்டன! கடைசி ஒன்றுக்கு மட்டும் ஐந்து தடவை சூடு காட்ட வேண்டியிருந்தது. விட்டம் 8, நீளம் 18. எம்3தான், பட்டறையில் போட்டுப் பார்த்தோம். மற்றவை இரும்பு. அதனால் இதுவும் இரும்பிலேயே இருக்கட்டும்.

#10 கோவைலேத்

சரிங்க. இரும்பில் கடைந்து நிக்கல் முலாம் கொடுத்து அனுப்புகிறேன். புதுசு பளபளவென்று தனியாகத் தெரியும், அதைத் தேய்த்து மங்கலாக்க வேண்டாம், கைபட்டு ஒரு வருடத்தில் தானே மங்கிவிடும். காசெல்லாம் வேண்டாம். முலாம் பூசுகிறவருக்குக் கொடுப்பது மட்டும் அனுப்புங்கள்.

#11 சிராங்கூன் (சிங்கப்பூர்)

இத்தனை நாளும் படித்துக்கொண்டுதான் இருந்தேன். இங்கிருந்து போன பேஸ் என்பதால் எழுதத் தோன்றியது.

ஒற்றைக் கீ தேடுவதற்கு ஜப்பான்தான் சரியான இடம். அங்கே ஹார்ட் ஆஃப் என்ற பழைய பொருள் கடைகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. சோதிக்காத, உடைந்த, ஜோடி தப்பிய சாமான்களை ‘ஜங்க்’ என்று பெயர் போட்டுப் பெட்டி பெட்டியாக வைத்திருப்பார்கள். இணைய ஏலத்திலும் அதே சொல்தான். நாம் ‘டியூனர்’ என்று தேடினால் ஒன்றும் வராது. டியூனிங் கீக்கு அவர்கள் வழங்கும் சொல் ‘பெகு’. ஜப்பானிய எழுத்தில் ‘பேஸ் பெகு ஜங்க்’ என்று போட்டால் நாலு, மூன்று, ஒன்று என்று கலந்து நிறைய வரும். நேரடியாக வெளிநாட்டுக்கு அனுப்ப மாட்டார்கள், நடுவில் வாங்கி அனுப்பும் இடைத்தரகு நிறுவனங்கள் இருக்கின்றன. அவர்கள் கூலியும் தபால் செலவும் பல நேரம் பொருளின் விலையைத் தாண்டிவிடும் என்பதை முன்பே கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும்.

படத்தைப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள். பின்தகட்டில் நான்கு திருகுத் துளைகளும் உங்கள் தலையில் இருக்கும் பழைய துளைகளுக்கு நேராக வர வேண்டும். துளைகளுக்கு நடுவே உள்ள தூரத்தை நீள வாக்கிலும் அகல வாக்கிலும் அளந்து எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். அடுத்த மாதம் அக்கா வீட்டுக் கல்யாணத்துக்குத் திருச்சி வருகிறேன். கிடைத்தால் கையிலேயே கொண்டுவருகிறேன்.

#12 உறையூர்பேஸ்

என்ன சொல்வதென்றே தெரியவில்லை அண்ணே. அளவு அனுப்பிவிட்டேன்.

இப்போது மின்சார வேலை. மல்டிமீட்டரை 20 கிலோ ஓம் அளவில் வைத்துப் பார்த்தேன். முன் பிக்கப் 7.2 கிலோ ஓம். பின் பிக்கப்பில் எதுவுமே காட்டவில்லை. பாட் எல்லாவற்றிலும் சுழலும் தண்டுக்கு அடியில் பழைய கிரீஸ் கோந்துபோல் இறுகியிருந்தது. ஹேர் டிரையரால் சூடாக்கி, கான்டாக்ட் கிளீனர் அடித்து முன்னும் பின்னும் திருப்பியதில் இரண்டு பிழைத்தன. மூன்றாவதில் உள்ளே கறுப்புத் தடமே தேய்ந்து வெள்ளையாகிவிட்டது.

#13 நாலுதந்தி (சென்னை)

பாட் வாங்கச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டின் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளுக்கு வந்தால் பத்து நிமிட வேலை, ஆனால் சரியாகக் கேட்க வேண்டும். வெறுமனே ‘500 கே பாட்’ என்றால் பெரும்பாலும் பி என்று அடித்ததைத் தருவார்கள். அது சீராக ஏறுவது. வால்யூமுக்கு அதைப் போட்டால் பாதி சுற்று வரை ஒன்றும் குறையாதது போலவும் கடைசியில் திடீரென்று விழுவது போலவும் இருக்கும். ‘ஏ 500 கே’ என்று முதுகில் அடித்திருப்பதைக் கேளுங்கள். தண்டு 6 மி.மீ. பல் வெட்டியதா வழவழப்பானதா என்பதையும் பாருங்கள். உங்கள் மிச்சக் குமிழ் அதில்தான் உட்கார வேண்டும். டோன் கெப்பாசிட்டர் கெட்டிருந்தால் 473 என்று அடித்த பாலியெஸ்டர் கேளுங்கள், அது 0.047 மைக்ரோஃபாரட். சில ரூபாய்தான்.

பிக்கப் விஷயத்தில் உடனே முடிவு கட்டாதீர்கள். பாட் பக்கமிருந்து அளந்திருந்தால் நடுவில் வரும் ஒயர் அறுந்திருக்கலாம். பிக்கப்பின் அடியில் இரண்டு சிறு வளையத்தில் ஒயர் சால்டர் செய்திருப்பார்கள், அங்கேயே முனையை வைத்துப் பாருங்கள். பல நேரம் அந்த வளையத்துக்குப் போகும் முடி போன்ற கம்பி மட்டும் அறுந்திருக்கும்.

#14 உறையூர்பேஸ்

வளையத்திலேயே பார்த்தேன், இல்லை. சுற்றியிருந்த கறுப்புத் துணி டேப்பைப் பிரித்தேன். காயிலின் ஒரு ஓரம் முழுக்கப் பச்சைக் களிம்பு. பரணுக்கு மேல் ஒரு மழைக்காலம் ஓடு ஒழுகியதாம்.

இங்கே மோட்டார் காயில் கட்டும் கடை ஒன்றில் கேட்டேன். 42 கேஜ் கம்பி வேண்டும் என்று இணையத்தில் படித்ததைச் சொன்னேன். சுற்றிக் கொடுத்தார்கள். பாதிச் சுற்றிலேயே காயில் தடித்து மூடி உள்ளே போகவில்லை. மீட்டரில் இரண்டு கிலோ ஓம்கூட வரவில்லை. என்ன தப்பு?

#15 நாலுதந்தி

தப்பு உங்களுடையதும் இல்லை, கடைக்காரருடையதும் இல்லை. இணையத்தில் படித்த 42 அமெரிக்கக் கேஜ், ஏ.டபிள்யூ.ஜி. அதன் தடிமன் சுமார் 0.063 மி.மீ. நம் ஊர் வைண்டிங் கடையில் 42 என்றால் எஸ்.டபிள்யூ.ஜி. என்ற பிரிட்டிஷ் கேஜ், அது 0.1 மி.மீ. ஒன்றரை மடங்கு தடிமன். எப்படி உள்ளே போகும்? நம் கணக்கில் கேட்க வேண்டியது 46 கேஜ், அது 0.061 மி.மீ. வரும்.

0.063 மி.மீ. செம்புக் கம்பிக்கு ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய ஐந்தரை ஓம். 7.5 கிலோ ஓம் வர வேண்டுமென்றால் ஆயிரத்து முன்னூறு மீட்டருக்கு மேல் கம்பி சுற்ற வேண்டும். உங்கள் உள்ளங்கையில் அடங்கும் பிக்கப்பில் ஒன்றேகால் கிலோமீட்டருக்கு மேல் கம்பி இருக்கிறது. தலைமுடியைவிட மெல்லிசு. மோட்டார் கம்பி இழுக்கிற பழக்கத்தில் இழுத்தால் பட்டென்று அறுந்துவிடும். கடிகாரக் காயில், ரிலே காயில் சுற்றுகிறவர் யாராவது இருந்தால் அவரிடம் கொடுங்கள்.

சுற்றும் முன் மூன்று வேலை. எட்டுக் காந்தக் கம்பிகளும் துருப்பிடித்திருக்கும். அவற்றைத் தட்டி வெளியே எடுக்க வேண்டாம், மேலும் கீழும் உள்ள ஃபைபர் தகடு பிளந்துவிடும். துருவைச் சுரண்டிவிட்டு ஒரு சுற்று மெல்லிய டேப் போட்டு அதன்மேல் சுற்றச் சொல்லுங்கள். இல்லையென்றால் எனாமல் உரிந்து மறுபடி ஷார்ட். ஒரு திசைகாட்டியை இரண்டு பிக்கப்பின் மேலும் காட்டி எந்த முனை இழுக்கிறது என்று எழுதி வையுங்கள். முன் பிக்கப்பும் பின் பிக்கப்பும் எதிரெதிர் முனையாக இருந்தால் சுற்றும் திசையும் எதிரெதிராக இருக்க வேண்டும். அப்போதுதான் இரண்டு வால்யூமும் முழுசாக வைக்கும்போது இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்.

#16 உறையூர்பேஸ்

மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். ஸ்ரீரங்கத்தில் ஒரு பெரியவர், முன்பு கடிகாரமும் டேப் ரெக்கார்டரும் பழுது பார்த்தவர், 46 கேஜில் கையாலேயே சுற்றிக் கொடுத்தார். இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். சுற்றும்போது கம்பியை விரலால் பிடிக்காமல் வெல்வெட் துண்டு ஒன்றுக்கு நடுவே ஓடவிட்டார். பக்கத்தில் மின்விசிறியைக்கூட நிறுத்திவிட்டார். 7.6 கிலோ ஓம் வந்தது.

மாட்டிப் பார்த்தேன். தனியாக வாசித்தால் பின் பிக்கப் பிரமாதம். இரண்டையும் சேர்த்து வைத்தால் அடி சத்தமே போய் மூக்கால் பேசுவதுபோல் மெலிந்துவிடுகிறது. இரைச்சலும் கூடுகிறது. திசைகாட்டியில் இரண்டும் எதிரெதிர் முனைதான்.

#17 நாலுதந்தி

பயப்படவே வேண்டாம். முன் பிக்கப் சுற்றப்பட்டிருக்கும் திசையிலேயே பெரியவர் இதையும் சுற்றியிருக்கிறார். பின் பிக்கப்பிலிருந்து வரும் இரண்டு ஒயரையும் இடம் மாற்றி சால்டர் செய்யுங்கள். காயிலைத் திருப்பிச் சுற்றியதற்கு அதுவே சமம். அடி சத்தமும் வரும், இரைச்சலும் போகும்.

#18 உறையூர்பேஸ்

மாற்றினேன். வந்துவிட்டது. இரண்டு வால்யூமும் முழுசாக வைத்து ஈ கம்பியைத் தட்டினேன். ஜன்னல் கம்பி அதிர்ந்தது. கம்பியிலிருந்து விரலை எடுத்தால் ஆம்பில் ஒரு சத்தமும் இல்லை. கோவை அண்ணன் அனுப்பிய சேடிலும் வந்து சேர்ந்தது. இனி ஏ கம்பிக்கு மட்டும் கீ.

#19 சிராங்கூன்

கிடைத்தது. ஒற்றைக் கீதான், கிளாவர் காதில் லேசாகக் கீறல் இருக்கிறது. நான்கு துளையும் நீங்கள் தந்த அளவோடு ஒத்துப்போகிறது, தண்டு 12.5. ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். விற்றவரிடம் ஒரு சிறு வீடியோ கேட்டு வாங்கினேன். இதன் பல் எதிர்ப்பக்கம் வெட்டியது. மற்ற மூன்றையும் எந்தப் பக்கம் திருப்பினால் சுருதி ஏறுமோ, இதில் அந்தப் பக்கம் திருப்பினால் இறங்கும். பழைய ஃபெண்டர் கீகளிலும் இப்படித் தலைகீழாகத் திரும்பும் வகை உண்டு. வேண்டாமென்றால் சொல்லுங்கள், இன்னொன்று தேடுகிறேன். நேரம் இருக்கிறது.

#20 மேடைபேஸ்

என் அனுபவத்தில் சொல்கிறேன், மேடையில் இது ஆபத்து. அவசரத்தில் கை பழகிய பக்கம்தான் போகும், ஏற்ற நினைத்து இறக்கிவிடுவோம். ஆனால் வீட்டில் வாசிக்கவென்றால் ஒரு வாரத்தில் கைக்குப் பழகிவிடும். சித்தப்பாவையே கேளுங்கள். வாசிக்கப் போகிறவர் அவர்தான்.

#21 பழையகம்பி

நானும் அதையே சொல்கிறேன். கீ பூட்டும்போது பழைய திருகுத் துளை தளர்ந்திருந்தால் மூங்கில் குச்சியைச் சீவி மரப்பசை தொட்டுச் சொருகிக் காயவிட்டுத் திருகுங்கள். பெரிய திருகு போட வேண்டாம். கம்பி மாட்டிய பிறகு இரண்டு நாள் அப்படியே விடுங்கள், இத்தனை வருடம் இழுப்பு இல்லாமல் இருந்த நெக். அப்புறம் ஏதாவது ஒரு கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திக்கொண்டு ஏழு எட்டாவது ஃப்ரெட் பக்கம் இடைவெளி பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு நுழைந்தால் போதும், டிரஸ் ராடைத் தொடவே வேண்டாம்.

#22 உறையூர்பேஸ்

சிராங்கூன் அண்ணன் நேற்று வீட்டுக்கே வந்து கீயைக் கொடுத்தார். சித்தப்பாவும் அவரும் எழுபதுகளின் சிங்கப்பூர் பற்றி இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

எதிர்ப்பக்கம் திரும்புவதைச் சித்தப்பாவிடம் சொன்னேன். வாங்கிக் கையில் உருட்டிப் பார்த்தார். “உடைஞ்சதும் ஏ கீதான், மாட்டினதும் ஏ கீதான். இது வேறன்னு கைக்குத் தெரியட்டும், இருக்கட்டும்” என்றார். அவரே பூட்டினார். மூங்கில் குச்சி இரண்டு துளைக்குத் தேவைப்பட்டது. மேற்பரப்பு வழவழவென்றிருக்கும் ஃப்ளாட்வவுண்ட் கம்பிதான் வேண்டுமென்று கேட்டு வாங்கினார், அந்த நாளில் அதுதான் போடுவாராம். விசிட்டிங் கார்டு சரியாக நுழைந்தது.

முதலில் பாட்டெல்லாம் வாசிக்கவில்லை. ஈ கம்பியில் ஐந்தாவது ஃப்ரெட்டை அழுத்தி, திறந்த ஏ கம்பியோடு சேர்த்து மாற்றி மாற்றித் தட்டி, புதுக் கீயைத் தவறான பக்கம் ஒரு தடவை, சரியான பக்கம் ஒரு தடவை திருப்பி, இரண்டும் ஒன்றாகும் வரை பொறுமையாகச் சேர்த்தார். சித்தி அடுப்படியிலிருந்து வந்து வாசலில் நின்று கேட்டார்.

டோன் குமிழ் மட்டும் இன்னும் இல்லை. 6 மி.மீ., பல் வெட்டிய தண்டு, பக்கவாட்டில் கோடு போட்ட கறுப்புக் குமிழ். யாரிடமாவது இருக்கிறதா?

#23 பழையகம்பி

என் டப்பாவில் இரண்டு இருக்கிறது தம்பி. ஒன்றில் வெள்ளைக் கோடு மங்கியிருக்கும், உங்கள் மற்ற இரண்டோடு அதுதான் சேரும். விலாசத்தைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், திங்கட்கிழமை கூரியரில் போடுகிறேன்.